ஆங்கிலம்–தமிழ் அகராதிக்காரர்களுக்கு: 'ட்யூட்' என்றால் ஆடம்பரக்காரன் மட்டும் இல்லை

ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். நான் சப்டைட்டில் எழுதிப் பிழைக்கிறவன். ஆங்கிலப் படத்தில் ஒருவர் மூச்சுவிடாமல் பேசுவதைத் தமிழில் இரண்டு வரிக்குள் அடக்கி, திரையில் அது நிற்கிற சில நொடிக்குள் படித்து முடிக்கிற மாதிரி கொடுக்க வேண்டும். உங்கள் புத்தகங்கள் மேசையில் இல்லாமல் இந்த வேலை ஓடாது, அதனால் இதைச் சண்டையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல வருஷத்து வயிற்றெரிச்சல், ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி.

தொழிலுக்கு வந்த புதிதில் கலிஃபோர்னியாக் கடற்கரைப் பையன்கள் கதை ஒன்று கைக்கு வந்தது. ஒருவன் கத்துகிறான், 'ட்யூட், அலை வருது' என்று. அகராதியைப் பிரித்தேன். 'ஆடம்பரமாக உடுத்துபவன், பகட்டன்' என்று இருந்தது. சரி, பெரியவர்கள் சொன்னால் தப்பாகாது என்று 'ஆடம்பரக்காரா, அலை வருது!' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். திரையில் பார்த்தால் அந்த ஆடம்பரக்காரன் இடுப்பில் ஒரு அரைக்கால் சட்டையோடு பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் நடந்தது. என்னிடம் வேலை பழகிய தம்பி, 1880-களில் அமெரிக்காவின் மேற்குப் பக்கம் நடக்கும் ஒரு கௌபாய் கதையில், துப்பாக்கியை இடுப்பில் செருகிய முரடன் ரயிலில் வந்திறங்கும் பட்டணத்துக்காரனைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு 'ட்யூட்' என்று சொல்கிற இடத்தில் 'மச்சி' என்று போட்டு வைத்திருந்தான். அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அவன் பார்த்த அகராதி புதுசு, அதில் 'நண்பா' என்று இருந்தது.

ஆக, இரண்டு புத்தகமும் பொய் சொல்லவில்லை. எப்போது, எங்கே, யார் யாரிடம் என்பதை மட்டும் விட்டுவிட்டன. கொச்சை வார்த்தைக்கு அதை விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

இந்த வார்த்தைக்குப் பிறந்த தேதி என்று ஏறக்குறைய ஒன்றைச் சொல்லலாம். 1883 ஜனவரி 14-ஆம் தேதி 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் ராபர்ட் சேல் ஹில் என்பவர் ட்யூட்டின் உண்மைப் பிறப்பும் வரலாறும் என்று தலைப்பிட்டு ஒரு கிண்டல் பாட்டு எழுதினார். அந்த வருஷம் கோடை வருவதற்குள் அமெரிக்கப் பத்திரிகைகளில் இந்தப் பேச்சுத்தான். இறுக்கமான கால்சட்டை, கழுத்தை நிமிர்த்தி வைக்கிற உயரக் காலர், கூர்மூக்குச் சப்பாத்து, கையில் பிரம்பு, வாயில் சிகரெட், இங்கிலாந்துக்காரன் மாதிரி இழுத்துப் பேசுகிற பேச்சு, தலைக்குள் ஒன்றும் கிடையாது, அப்பன் காசு மட்டும் உண்டு. அதற்கு முந்தின வருஷம்தான் ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு அமெரிக்கா முழுக்கச் சுற்றி அழகியல் பற்றிப் பேசிவிட்டுப் போயிருந்தார், அந்த மோகத்தையும் சேர்த்தே ஊர் கிண்டலடித்தது. பெண்பாலுக்கு 'ட்யூடீன்', 'ட்யூடெஸ்' என்றெல்லாம் உண்டாக்கிப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை.

இந்த 1883-ஆம் வருஷத்து ட்யூட்டுக்கு நம்மிடம் அச்சு வார்த்த மாதிரி ஒரு வார்த்தை இருக்கிறது: மைனர். மேஜராகாத பிள்ளை என்ற சட்டச்சொல்லாக வந்து, சொத்துக்கார வீட்டு வாரிசு என்றாகி, பிறகு சில்க் ஜிப்பாவும் கழுத்துச் சங்கிலியுமாகத் திரிகிறவன் என்றாகிப்போன மைனர். அதைப் போட்டிருந்தால் எந்த வாசகனுக்கும் விளக்கமே வேண்டாம். 'பகட்டன்' என்று நிஜத்தில் யாராவது யாரையாவது கூப்பிட்டு நீங்கள் கேட்டதுண்டா?

வேர் எது என்பதில் இன்னும் பேச்சு இருக்கிறது. உடுப்பைக் குறிக்கும் 'டட்ஸ்' என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது என்பார் சிலர். ஜெரால்டு கோஹன், பாரி போப்பிக் போன்ற ஆய்வாளர்கள் பழைய பத்திரிகைகளை வருஷக்கணக்கில் துழாவி, 'யாங்கி டூடில்' பாட்டில் வரும் 'டூடில்'தான் சுருங்கி இப்படி ஆனது என்கிறார்கள். எனக்கு இந்தப் பக்கம்தான் சாய்வு, காரணம் அதில் இருக்கும் வேடிக்கை. டூடில் என்றால் மண்டு. அமெரிக்கக் குடியேற்றக்காரர்களைக் கேலி செய்ய ஆங்கிலேயச் சிப்பாய்கள் பாடியதாகச் சொல்லப்படுகிற பாட்டு அது: தொப்பியில் ஒரு இறகைச் செருகிவிட்டு அதை 'மாக்கரோனி' என்று சொல்லிக்கொண்டானாம் அந்த நாட்டுப்புறத்தான். மாக்கரோனி என்பது அன்றைய லண்டனின் மிகை அலங்கார இளைஞர்களுக்கு வைத்த பட்டப்பெயர். அதாவது லண்டன்காரன் போல வேஷம் போடத் தெரியாத அமெரிக்கனைக் கிண்டல் செய்த பாட்டின் ஒரு துண்டு, நூறு வருஷம் கழித்து, லண்டன்காரன் போலவே வேஷம் போடுகிற அமெரிக்கனைக் கிண்டல் செய்யப் பயன்பட்டிருக்கிறது. (யானையின் பின்பக்கத்தில் முளைக்கும் சீழ்பிடித்த முடிக்குப் பேர்தான் ட்யூட் என்று ஒரு கதை உலவுகிறது. சுத்த டூப். அதை நம்பி வீட்டுப் பிள்ளைகளை அடிக்காதீர்கள்.)

அப்புறம் வார்த்தை மேற்கே ரயிலேறியது. அங்கே மாட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் கிழக்கிலிருந்து நல்ல உடுப்போடு வந்திறங்கிய எவனும் ட்யூட்தான். பின்னாளில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் 1883-இல் எருமை வேட்டைக்கு டகோட்டா போனபோது, மூக்குக்கண்ணாடியைப் பார்த்து 'நாலு கண்ணன்' என்று கேலி செய்த ஊர் அது. அதே வட்டாரத்தில் ஈட்டன் சகோதரர்கள் தங்கள் பண்ணையில் வந்து தங்கும் பட்டணத்து விருந்தாளிகளிடம் காசு வாங்கத் தொடங்கினார்கள், 1904-இல் வயோமிங்குக்கு இடம் மாறி அதையே முழுத் தொழிலாக்கினார்கள். 'ட்யூட் ராஞ்ச்' என்பது இதுதான். 1926-இல் இந்தப் பண்ணைக்காரர்கள் சங்கமே வைத்துவிட்டார்கள், சங்கத்தின் பெயரிலேயே ட்யூட் இருக்கிறது. வசைச்சொல் வாடிக்கையாளர் ஆனதும் முதலாளிக்கு இனிக்கத்தானே செய்யும். இந்த இடத்தில் மைனர் பொருந்தாது. பட்டணத்து விருந்தாளி, அல்லது 'டவுன்காரர்' என்றால் போதும்.

நீங்கள் எல்லோரும் தாண்டிப் போகிற அத்தியாயம் இனிமேல்தான் வருகிறது. 1930, 40-களில் கறுப்பின இளைஞர்களும், தென்மேற்கில் 'பச்சூக்கோ' எனப்பட்ட மெக்சிகோ வம்சாவளிப் பையன்களும் 'ஸூட் சூட்' அணிந்தார்கள்: முழங்கால் வரை தொங்கும் கோட்டு, தொளதொளத்துக் கணுக்காலில் இறுகும் கால்சட்டை. யுத்தகாலத் துணிக் கட்டுப்பாட்டில் இத்தனை துணியா என்று பத்திரிகைகள் பொருமின, 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் கடற்படைச் சிப்பாய்கள் இவர்களைப் பிடித்து அடித்து உடுப்பைக் கிழித்தெறிந்தார்கள். உடுப்புக்காக உதை வாங்கிய இந்தப் பையன்கள்தான், உடுப்பைக் கேலி செய்யப் பிறந்த வார்த்தையை எடுத்துத் தங்களுக்குள் 'நம்ம ஆளு' என்ற பொருளில் புழங்கினார்கள். வசை உறவாக மாறியது இங்கேதான். அடுத்த இருபது முப்பது வருஷத்தில் அது அலைச்சறுக்குப் பையன்களின் வாய்க்குப் போய், உலகமே அதைக் கலிஃபோர்னியாக் கடற்கரைச் சொத்து என்று எழுதி வைத்துக்கொண்டது. உங்கள் அகராதியில் ஒரே ஒரு அடைப்புக்குறி, 'கறுப்பின, மெக்சிக-அமெரிக்க வழக்கு' என்று, போட்டால் என்ன குறைந்துவிடும்?

மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்துக்குச் சாட்சி வேண்டுமானால் 1969-இல் வந்த 'ஈஸி ரைடர்' படத்தைப் பாருங்கள். அதில் சிற்றூர் வக்கீல் ஒருவர் ட்யூட் என்றால் பண்ணைக்கு வரும் ஆளா என்று கேட்கிறார், மோட்டார் சைக்கிளில் வந்தவன், 'இல்லை, நல்ல ஆள் என்று அர்த்தம்' என்று விளக்குகிறான். இரண்டு அர்த்தமும் ஒரே காட்சியில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் காட்சிக்கு உங்கள் அகராதியை வைத்துக்கொண்டு தமிழ் எழுதச் சொல்லுங்கள், எழுதுகிறவர் அழுதுவிடுவார்.

இப்போதைய ட்யூட்டைப் பற்றி பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ஸ்காட் கீஸ்லிங் 2004-இல் ஒரு கட்டுரை எழுதினார். தன் மாணவர்களை விட்டு, யார் யாரிடம் இதைச் சொல்கிறார்கள் என்று மூன்று நாள் காதில் விழுந்ததை எழுதி வரச் சொன்னார். பெரும்பாலும் இளைஞன் இளைஞனிடம், அடுத்தபடி பெண் பெண்ணிடம். நெருக்கமும் வேண்டும், ரொம்ப நெருங்கிவிட்டதாகவும் தெரியக்கூடாது என்கிற ஒரு பதமான தூரம் அதில் இருக்கிறது என்கிறார். நாம் 'மச்சி' என்பதில் இதே பதம் இருக்கிறதே! அக்காள் புருஷனையோ மனைவியின் தம்பியையோ குறித்த மச்சான், எந்த உறவும் இல்லாத விடுதி அறைத் தோழனுக்குப் போய், இன்றைக்குப் பெண்களும் தோழியை மச்சி என்கிறார்கள். ஆனாலும் எல்லா இடத்திலும் மச்சி செல்லாது. காரை இடித்துவிட்டு இறங்கி ஒருவன் 'ட்யூட்...' என்று இழுத்தால் அது 'அடப்பாவி'. ஆள் இல்லாத அறையில் தனக்குத்தானே சொன்னால் 'அய்யோ'. நண்பன் உளறும்போது சொன்னால் வெறும் 'டேய்' போதும்.

அதனால் நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்காரர்கள் தங்கள் பழைய பதிப்பில் இந்தச் சொல்லின் பிறப்பு பதிவாகவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள், ஆனால் 1883 தொடக்கம், நியூயார்க் என்று காலத்தையும் ஊரையும் மட்டும் தவறாமல் குறித்தார்கள். அந்த அளவு நீங்களும் செய்யுங்கள். பக்கம் போதாது என்றால் 'நாகரிகக் கோமாளி' மாதிரி யாரும் பேசாத ஜோடிச் சொற்களை வெட்டினாலே இடம் கிடைக்கும்.

கூடவே ஒரு அவசர சந்தேகம். கையில் இருக்கும் தொடரில் ஒரு மனைவி, கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆனவள், புருஷனைப் பார்த்துக் கடுப்பில் 'ட்யூட்' என்கிறாள். காதல் ஜோடிகள் இப்படிச் சொல்லிக்கொள்வது குறைவு என்பதால் அந்த ஒரு வார்த்தையில்தான் காட்சியே நிற்கிறது. 'மச்சி' போட்டால் சிரிப்பாக இருக்கிறது, 'டேய்' போட்டால் வேறு சண்டையாகிவிடுகிறது. இப்போதைக்கு 'ஹலோ, சார்' என்று எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும், அதற்குள் யாருக்காவது ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அரைக்கால் சட்டைக்காரனை ஆடம்பரக்காரன் ஆக்கியவன்