தார்ப்பாயின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்துக்கும் ஜொகன்னஸ்பர்க்குக்கும் இடையே செல்லும் என்3 நெடுஞ்சாலையில் 31 ஆண்டுகள் பிளாட் டெக் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். "வழியில் எவருக்காகவும் வண்டியை நிறுத்தக் கூடாது" என்று இங்குள்ள சில போக்குவரத்து நிறுவனங்கள் தம் ஓட்டுநர்களுக்கு இட்டிருக்கும் கட்டளையைப் பற்றி எழுத விரும்புகிறேன். அத்தகைய நிறுவனங்களை நடத்துவோரில் நம் தமிழ்க் குடும்பத்தினரும் இருப்பதால், இதைத் தமிழில் எழுதினால் மனம் வைத்துப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

கன்டெய்னர் ஏற்றுபவர் கதவு பூட்டப்பட்டு முத்திரை வைக்கப்பட்டதும் புறப்பட்டுவிடலாம். பக்கச்சுவரும் கூரையும் இல்லாத எங்கள் டிரெய்லரில் இரும்புத் தகடு, குழாய், மரம், இயந்திரம் என்று எது ஏறினாலும், அதைச் சங்கிலியாலும் பெல்ட்டாலும் இறுக்கி, மழைக்குத் தார்ப்பாய் போர்த்தி, போய்ச் சேரும்வரை காப்பது ஓட்டுநரின் பொறுப்பு. சூப்பர்லிங்க் எனப்படும் வண்டியில் முன்னே 6 மீட்டர், பின்னே 12 மீட்டர் என இரண்டு டிரெய்லர்கள். மொத்த நீளம் 22 மீட்டர், சரக்கோடு சேர்த்து எடை 56 டன் வரை. புறப்பட்டுச் சிறிது தூரம் ஓடியதும் சரக்கு அமுங்கி, இறுக்கியிருந்த பெல்ட்டுகள் தளர்ந்துவிடும். இறங்கி ஒவ்வொன்றையும் மீண்டும் முறுக்க வேண்டும். இவை அனைத்தையும் ஒருவரே செய்து முடிக்கலாம் என்று அலுவலகத்தில் இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். காற்றில்லாத நாளில் செய்யலாம்தான்.

நான் இத்தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, ஓர் ஆகஸ்ட் மாத விடியலில், வழியிலுள்ள ஹாரிஸ்மித் ஊருக்கு அருகே பின்பக்கக் கயிறு அறுந்து தார்ப்பாய் பாய்மரம்போல் எழுந்துவிட்டது. தகடுகளின்மேல் ஏறி ஒரு முனையைக் காலால் மிதித்தபடி மறுமுனைக்கு எட்டினேன். குளிரில் விரல்கள் மரத்துப்போய்க் கயிறு நழுவிக்கொண்டேயிருந்தது. என்னைக் கடந்து சென்ற வேறொரு நிறுவனத்தின் வண்டி சிறிது தூரம் தள்ளி நின்றது. அதிலிருந்து இறங்கி வந்த சுலு இனத்துப் பெரியவர், காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு, நான் கட்டியிருந்த அனைத்தையும் அவிழ்க்கச் சொன்னார். கூரைக்குக் கீழிருந்து மேலாக ஓடு வேய்வதைப்போல, பின்தார்ப்பாயை முதலில் விரித்து, முன்தார்ப்பாயின் ஓரம் அதன்மேல் படியுமாறு போர்த்தினால்தான் வண்டி ஓடும்போது காற்று உள்ளே புகாது என்பதை அன்று அவரிடம்தான் கற்றேன். நாற்பது நிமிடம் நின்று கட்டிக்கொடுத்துவிட்டு, தம் வண்டியிலிருந்த கயிற்றையும் கொடுத்துச் சென்றார். இரண்டு மாதம் கழித்துத் துறைமுகத்தை ஒட்டிய பேஹெட் சாலையில் லாரிகள் வரிசையில் காத்திருந்தபோது அவரைக் கண்டு கயிற்றைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் என் முகம் அவருக்கு நினைவில்லை. அவர் அப்படி நின்று உதவியவர்களுள் நானும் ஒருவன், அவ்வளவே. பின்னாளில் இளம் ஓட்டுநர்கள் என்னை "மலுமே" என்று அழைத்தபோதெல்லாம் (தாய்மாமன் என்பது அதன் பொருள்) அந்தப் பெரியவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

நிறுவனங்களின் அச்சம் பொய்யானதன்று. சரக்கோடு வண்டியைக் கடத்திச் செல்வது இங்கே அன்றாடச் செய்தியாகிவிட்டது. 2018 ஏப்ரலிலும் 2021 ஜூலையிலும் இதே சாலையிலுள்ள மூய் ரிவர் பகுதியில் லாரிகள் கொளுத்தப்பட்டன. 2023 ஜூலையில் வான் ரீனன் கணவாயில் ஆறு லாரிகள் எரிந்தன. அயல்நாட்டு ஓட்டுநர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்னும் பகைமையும் சாலையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இருப்பினும், 2021இல் அந்த இரவில் என் தம்பி மகனைக் காப்பாற்றியது எது? முன்னே சென்ற, ஜிம்பாப்வேயைச் சேர்ந்த ஓர் ஓட்டுநர் அனுப்பிய குரல்செய்திதான். அதைக் கேட்டதும் அவன் ஹாரிஸ்மித்திலேயே ஒதுங்கி நின்றுகொண்டான். இருவரும் முன்பு ஒருமுறை சங்கிலி மாட்ட உதவிக்கொண்டபோது அறிமுகமானவர்கள்.

2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் கடும்பனி பொழிந்து, வாகனங்கள் இரவு முழுவதும் அசைய முடியாமல் நின்றதைப் பலரும் அறிவர். என் தம்பி மகன் அதிலும் சிக்கினான். அவன் கேபினில் இருந்த சிறிய கேஸ் அடுப்பில் மாறிமாறித் தேநீர் கொதித்ததையும், பின்னால் நின்ற காரிலிருந்து இரண்டு குழந்தைகளையும் அவர்கள் தாயையும் அழைத்துவந்து தன் படுக்கையைக் கொடுத்ததையும், அவன் வீடு திரும்பிச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது.

இருட்டில், ஆளரவமற்ற சாலையோரத்தில், முன்பின் அறியாதவருக்காக நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. சுங்கச்சாவடிகளிலும், காவலுள்ள ட்ரக் ஸ்டாப்புகளிலும் ஓர் ஓட்டுநர் மற்றவருக்குத் தார்ப்பாய் போடவோ பெல்ட் முறுக்கவோ உதவும் அரை மணி நேரத்தைத் தாமதம் என்று கணக்கிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். வண்டி பத்து நிமிடம் நின்றாலே அதட்டுவதற்குத் தொலைபேசியை எடுக்கும் கட்டுப்பாட்டு அறையினர், "அங்கே யாருக்கேனும் உதவி வேண்டுமா?" என்றும் கேட்கலாமே. புதிதாகச் சேர்ந்தவரை முதல் சில பயணங்களுக்கேனும் அனுபவமுள்ள ஒருவரோடு அனுப்புங்கள். சரக்கைக் கட்டும் முறையை ஏட்டில் படித்து மட்டும் கற்க முடியாது.

கடந்த ஆண்டு, எங்கள் தெருவில் வசிக்கும் இளைஞர் ஒருவர், இத்தகைய ட்ரக் ஸ்டாப்பில் முதியவர் ஒருவருக்குக் குழாய்ச் சரக்கின் பெல்ட்டுகளை மாற்றிக் கட்டிக்கொடுத்ததற்காக அரை நாள் ஊதியத்தை இழந்தார். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அதன் உரிமையாளர் தங்கள் நாளிதழைப் படிப்பவர் என்று அறிவேன். அவர் அந்தத் தொகையை அந்த இளைஞருக்குத் திருப்பித் தர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்