வீட்டு மனையில் பாறையைச் சமன் செய்து பட்டறை கட்டத் தெளிவான நடைமுறை வகுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
வீட்டோடு லேத் (கடைசல்), வெல்டிங் பட்டறை நடத்துவோர்,
திருச்செங்கோடு வட்டம்,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாமக்கல் மாவட்டம்.

பொருள்: சொந்தப் பட்டா மனையில் உடைக்கும் கல்லை அதே மனைக்குள் பயன்படுத்தத் தெளிவான உத்தரவு வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கும் லாரி பாடிக்கும் புஷ், பின், பிராக்கெட் கடைந்து தரும் பட்டறைகள் பல எங்கள் பகுதியில் வீட்டு மனையிலேயே இருக்கின்றன. மனைகளோ மேடும் பள்ளமுமானவை. அரை அடி தோண்டினால் வெங்கச்சங்கல், அதற்குக் கீழே கரும்பாறை. செட் போடும் முன் தரையைச் சமன் செய்தே ஆக வேண்டும். கல்லில் பிரேக்கர் (பாறை உடைக்கும் இயந்திரம்) பட்டவுடன் அது குவாரி வேலையா, வீட்டு வேலையா என்ற கேள்வி எழுகிறது. 1957-ஆம் ஆண்டு கனிமச் சட்டப்படி கட்டடக் கல்லும் கிராவலும் சிறு கனிமங்கள் என்பதை அறிவோம். அதை நாங்கள் மறுக்கவில்லை. மனையை விட்டு ஒரு கல்லும் வெளியேறாத வேலைக்கு என்ன நடைமுறை என்பதையே எழுத்தில் கேட்கிறோம்.

கல் ஏன் வெளியேறாது என்பதைக் கணக்கோடு சொல்லிவிடுகிறோம். 20 அடிக்கு 30 அடி செட், நீளவாக்கில் 4 அடி சரிவு என்று வைத்துக்கொள்வோம். 5 அடிக்கு ஒரு முளை அடித்தால் 35 முளை வரும். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்து ஒவ்வொன்றின் உயரத்தையும் குறித்துக்கொண்டால், வெட்டு எவ்வளவு, நிரப்பு எவ்வளவு என்று தாளிலேயே தெரிந்துவிடும். நடுவில் மட்டம் வைத்தால் மேல் பாதியில் வெட்ட வேண்டியது 300 கன அடி, அதாவது 3 யூனிட். பாறை உடைந்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும்; கையில் 450 கன அடி கல் சேரும். கீழ்ப்பக்கம் 20 அடி நீளம், ஒன்றரை அடி கனம், அஸ்திவாரம் சேர்த்து மூன்றரை அடி உயரத்துக்குத் தாங்குசுவர் கட்ட 105 கன அடி போகும். மிச்சம் 345. அதைப் பள்ளத்தில் கொட்டி இடித்தால் 300-க்கு இறங்கிவிடும். விற்க எங்கே இருக்கிறது கல்? கிரஷர் டஸ்ட்டைத்தான் (ஜல்லி உடைக்கும்போது விழும் கல்தூள்) நாங்கள் வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்குகிறோம்.

வெடி வைக்க அனுமதி கேட்கவில்லை. அடுத்த வீட்டுச் சுவர் பிளந்தால் அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. பிரேக்கர் நுழையாத சந்துகளில் கல் பிளக்கும் கெமிக்கல் பவுடரே போதும். ஒன்றரை அங்குலத் துளைகளை ஓரடி இடைவெளியில் போட்டு, 5 கிலோ பைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் என்ற அளவில் கரைத்து, இறுகும் முன் ஊற்ற வேண்டும். 12 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் சத்தமில்லாமல் பாறை விரிசல் விடும். ஒரு பக்கமாவது பாறை திறந்திருக்க வேண்டும். நாலு பக்கமும் அடைபட்ட பாறை விரிய இடமில்லாமல் அப்படியே நிற்கும். குளிர்காலத்துக்கு உரிய பவுடரைச் சித்திரை வெயிலில் ஊற்றினால் துளையிலிருந்து பீய்ச்சி அடித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். கோடையில் சாயங்காலம்தான் ஊற்றுவது. ஊற்றிய துளைக்கு மேல் குனியக் கூடாது. துளை போடும்போது தண்ணீர் விட்டால் கல்தூசி நெஞ்சில் ஏறுவது வெகுவாகக் குறையும்.

தெளிவான நடைமுறை இல்லாததால் வேலை அரைகுறையாக, அவசரமாக, இரவோடு இரவாக நடக்கிறது. அதன் கேடு கட்டடத்தில் தெரியும். பலரும் செய்யும் தவறு ஒன்றுதான்: மேட்டில் பாறையை மொட்டையாக வெட்டிவிட்டு, பள்ளத்தில் பெருங்கல்லை உருட்டித் தள்ளி, மேலே மண்ணைப் பரப்பி, உடனே காங்கிரீட் போட்டுவிடுவார்கள். முதல் மழை வரை தரை கண்ணாடி மாதிரி இருக்கும். பிறகு மேல்மண் கல்லிடுக்கில் கரைந்து இறங்கும். பாறை மேல் உள்ள பாதி அசையாது, நிரப்பிய பாதி அமுங்கும். வெட்டும் நிரப்பும் சேரும் கோட்டிலேயே, கோடு கிழித்ததுபோல், தரை விரியும். அந்தக் கோட்டின் மேல் லேத் நின்றால் அதன் பெட் (இயந்திரத்தின் நீள அடித்தளம்) முறுகிவிடும். இரண்டு முனையிலும் ஒரே அளவில் வர வேண்டிய ஷாப்ட் ஒரு பக்கம் தடித்து, கூம்பாக வரும். ஆப்பரேட்டர் டெயில்ஸ்டாக்கை (ஷாப்டின் மறுமுனையைத் தாங்கும் பாகம்) திட்டுவார். கோளாறு தரைக்கடியில் இருக்கும்.

இதற்கு மருந்து உண்டு. நிரப்பை ஒரே மூச்சில் கொட்டாமல் 6 அங்குல அடுக்காகப் போட வேண்டும். அதில் 4 அங்குலத்துக்கு மேற்பட்ட கல் இருக்கக் கூடாது. பெருங்கல் தாங்குசுவருக்குப் போகட்டும். இடுக்கில் கிரஷர் டஸ்ட் தூவி, தண்ணீர் விட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கம்பாக்டர் (இடித்து இறுக்கும் இயந்திரம்) ஓட்டி இறுக்க வேண்டும். கரிசல் மண் கூடவே கூடாது. பாறைப் பக்கத்தையும் தரைமட்டத்துக்கு அடியில் 6 அங்குலம் கூடுதலாக வெட்டி, அங்கும் டஸ்ட் மெத்தை கொடுத்தால் இரு பாதிக்கும் ஒரே படுக்கை கிடைக்கும். சேரும் கோட்டில் காங்கிரீட்டில் ஜாயிண்ட் விட்டு, லேத்துக்குப் பாறைப் பக்கத்தில் தனி மேடை கட்டிவிட்டால் பயமில்லை.

தூண் குழியில் தட்டுப்படுவதெல்லாம் பாறை அல்ல. பாதி புதைந்த குண்டுக்கல்லும் கடப்பாரைக்கு ‘ணங்’ என்றுதான் சொல்லும். சுற்றித் தோண்டி அடி தெரிகிறதா என்று பார்க்காமல் தூண் நிறுத்தினால் கல்லோடு தூணும் ஆடும். சரிந்த பாறையாக இருந்தால் படிபோல் வெட்டி, ஓரடி ஆழத் துளையில் 16 மில்லி கம்பியைச் சிமெண்ட் பாலோடு நட்டுத் தூணைப் பூட்ட வேண்டும்.

தண்ணீர் விஷயம் அண்டை வீட்டாரையும் தொடுவது. பாறை மழையை உறிஞ்சாது. மேட்டுத் தண்ணீர் பாறை முதுகோடு வழிந்து தரைக்கடியில் புகும். மேல்பக்கம் ஓரடி அகலத்தில் வாய்க்கால் வெட்டித் தெருச் சாக்கடைக்குத் திருப்ப வேண்டும். தாங்குசுவரில் தண்ணீர் வடிய 5 அடிக்கு ஒரு 3 அங்குலக் குழாய், அதன் பின்னால் ஜல்லி. இது இல்லாத சுவர் மழைக்காலத்தில் வயிறு தள்ளும்.

எனவே, குடியிருப்பு மனையில் 10 யூனிட்டுக்கு உட்பட்ட கல்லை உடைத்து அதே மனையில் பயன்படுத்துவதற்கு, முளைக் கணக்குத் தாளும் புகைப்படமும் இணைத்துக் கிராம நிர்வாக அலுவலர் வழியே விண்ணப்பித்தால் 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தருமாறு உத்தரவிட வேண்டுகிறோம். பிரேக்கரைக் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும் ஓட்டவும், வேலை முடிந்தபின் எங்கள் கணக்கை நேரில் அளந்து சரிபார்க்கவும் நிபந்தனை விதிக்கலாம். கல் வெளியே போனது தெரிந்தால் அபராதம் விதியுங்கள், ஆட்சேபணை இல்லை. கட்டட அனுமதி தரும்போதே மேல்பக்க வாய்க்காலும் தாங்குசுவர்க் குழாய்களும் வரைபடத்தில் உள்ளனவா என்று பார்க்கச் சொன்னால் அண்டை வீட்டுத் தகராறு பாதி குறையும்.

மாதிரி மனை ஒன்றின் 35 முளைக் கணக்குத் தாளை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வீட்டுப் பட்டறைத் தொழிலாளர்கள்
(கையொப்பங்கள் மறுபக்கத்தில்)