கபிலனின் கையெழுத்து

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் தேறி வருவதில் மகிழ்ச்சி. எழுதத் திணறும் உன் சின்னவளை வைத்தியரிடம் பரிசோதனைக்குக் கூட்டிப்போவதா, புலமைப்பரிசில் பரீட்சை முடியட்டும் என்று விடுவதா எனக் கேட்டிருக்கிறாய். காத்திருக்காதே. என் மகன் கபிலனைக் காட்டியதில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

அவன் இப்போது தரம் 4. கோணேசர் கோயிலடிப் பாறைப் பிளவான இராவணன் வெட்டைப் பற்றிக் கேட்டால் கதை கதையாகச் சொல்வான். அதையே கொப்பியில் எழுதச் சொன்னால் மூன்று வரிக்குள் கை நோகிறது என்பான். பிள்ளைக்கு ஏதாவது பெயர் வைத்துவிடுவார்களோ என்று நீ பயப்படுகிறாய். கபிலனுக்குச் ‘சோம்பேறி’ என்ற பெயர் வகுப்பில் ஏற்கெனவே இருந்தது. அதைவிடக் கொடிய பெயர் எந்த வைத்தியரும் வைக்கப்போவதில்லை.

முதலில் கண்ணையும் காதையும் பார்த்தார்கள். பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளையின் கையெழுத்தைக் குறைசொல்லி என்ன பயன்? பிறகு சிறுவர் வைத்திய நிபுணர் சிறு வயது முதல் நடந்தவற்றை விசாரித்து, அன்றாட வேலைகளுக்குக் கையையும் உடலையும் பழக்கும் ஒக்கியுபேஷனல் தெரபிஸ்டிடம் அனுப்பினார். அவர் பென்சில் பிடி, விரல்களின் பலம், தோள், உட்காரும் விதம் எல்லாவற்றையும் கவனித்தார். ஒன்றையொன்று வெட்டும் வடிவங்களைப் பார்த்து வரையச் சொன்னார். பார்த்து எழுதுவது, கேட்டு எழுதுவது, தானாக யோசித்து எழுதுவது மூன்றையும் தனித்தனியே செய்வித்தார். எங்கே தட்டுகிறது என்பது அதில்தான் பிரிந்து தெரிகிறது. வாசிப்பை வேறாகச் சோதித்தார்கள். பொருளில்லாத சொற்களையும் வாசிக்கக் கொடுத்தார்கள். அங்கே மனப்பாடம் கைகொடுக்காது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், தமிழில் எழுதவைத்துப் பார்க்கிறவரிடமே போ. ‘கோ’ என்று சொல்லும்போது முதலில் ஒலிப்பது ககரம். கை முதலில் எழுதவேண்டியதோ கொம்பு. கபிலன் ஊர்ப் பெயரிலேயே சறுக்குகிறான்: ‘கோ’வின் கொம்பு ணகரத்துக்கு முன்னால் போய் நிற்கும், ‘லை’ என்பது ‘லெ’ ஆகிவிடும். ஆங்கில எழுத்துக்கென்று அமைத்த சோதனையில் இது பிடிபடாது.

வாசிப்பில் குறையில்லை, எழுதுவதில்தான் சிரமம், டிஸ்கிராபியா என்றார்கள். இப்போது முக்கோணப் பென்சில், அகலக் கோடிட்ட கொப்பி, விரலுக்குக் களிமண் பிசைதல் என்று போகிறது. எழுத்து இன்னும் அழகாகிவிடவில்லை. ஆனால் கொப்பியை ஒளித்துவைப்பதை விட்டுவிட்டான். சில விடைகளை வாயால் சொல்ல வகுப்பாசிரியை அனுமதித்திருக்கிறார், நல்ல மனுஷி. பரீட்சையில் மேலதிக நேரம் கேட்டு விண்ணப்பிப்பதற்கும் வைத்திய அறிக்கை வேண்டும். பரீட்சை முடிந்தபின் அந்த அறிக்கையை வாங்கி என்ன செய்வாய்?

சின்னவளின் பழைய கொப்பிகளை எறியாதே. அழித்து அழித்துக் கிழிந்த பக்கங்களும் வேண்டும். இங்கே முதலில் கேட்டது அவற்றைத்தான். சோதனையன்று நன்றாகத் தூங்கி, சாப்பிட்டுப் போகட்டும். பரீட்சை என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

விடுமுறைக்கு இருவரும் வாருங்கள். நிலாவெளிக் கடற்கரைக்குப் போகலாம் என்று கபிலன் இப்போதே கேட்கிறான்.

அன்புடன்,
மாலதி