புல்லுக்கட்டு

காட்பாடி,
செவ்வாய் இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் "நான் நல்லாத்தான் இருக்கேன்ப்பா" என்று மூன்று முறை சொன்னாய். "ஹாரன் அடிச்சேன்ப்பா" என்று எத்தனை முறை சொன்னாய் என்பதை நான் எண்ணவில்லை. இரண்டையும் ஒரு காலத்தில் சொல்லித் திரிந்தவன் நான். அதனால்தான் பேனாவை எடுத்தேன். பேசினால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுதி முடித்ததும் தம்பி போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவான்.

முதலில் கணக்கு. கொஞ்சம் முன்னாடி பார்த்திருந்தால் ரயிலில் அடிபட்ட அந்த அம்மா பிழைத்திருப்பார் என்றாய் அல்லவா? வளைவு முடிந்ததும் தண்டவாளத்தில் அவர் கண்ணில் பட்டது 200 மீட்டரில். வண்டி மணிக்கு 110 கிலோமீட்டரில் வந்தது. நொடிக்கு 30 மீட்டர். உங்களுக்குக் கிடைத்தது ஆறோ ஏழோ நொடிதான். டிரைவர் எமர்ஜென்சி பிரேக் போட்டு, பிரேக் பைப்பில் ஐந்து கிலோ அழுத்தத்தில் இருந்த காற்றும் இறங்கி, கடைசிப் பெட்டி வரை பிரேக் பிடிப்பதற்கே சில நொடி போய்விடும். அப்புறம் வண்டி நிற்க ஒரு கிலோமீட்டர்போல வேண்டும். இரும்பின் மேல் இரும்பு ஓடுகிறது, லாரி டயர் இல்லை. இதையெல்லாம் என்னைவிட நன்றாகப் படித்துப் பாஸ் பண்ணியவள் நீ. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் படிப்பு ஞாபகத்துக்கு வராது. ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள். நானும் டைரியில் எழுதி வைத்திருந்தேன்.

என்னுடையது 1989. விழுப்புரம் - காட்பாடி லைன் அப்போது மீட்டர் கேஜ். நானும் உன்னைப்போல என்ஜினில் அசிஸ்டெண்ட் டிரைவர். போளூர் நெருங்கும்போது தலையில் புல்லுக்கட்டோடு ஒருவர் தண்டவாளத்தைக் கடந்தார். பெரிய கட்டு, இரண்டு பக்கமும் தொங்கிக் காதையும் கண்ணையும் மூடியிருந்தது. ஹாரன் சத்தம் கேட்டு, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று புரியாமல் நின்றுவிட்டார். அவர் அப்படி நின்றதுதான் எனக்கு இன்னும் தெரிகிறது. இறங்கிப் போனபோது என்ஜின் முகப்பில் பச்சைப் புல் அப்பியிருந்தது. ஈரம் காயாத புல்.

நடந்ததை மெமோவாக எழுதி அடுத்த ஸ்டேஷனில் கொடுத்தோம். வண்டி கிளம்பியது. அன்று இரவு, டிரைவர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் எனக்குப் பசித்தது. நான்கு தோசை சாப்பிட்டேன். ஒரு மனுஷன் செத்த அன்று எனக்குப் பசித்ததே என்பதுதான், பாப்பா, என்னை வருஷக்கணக்கில் அரித்தது. நீ அன்று ராத்திரி ஏதோ ரீல்ஸ் பார்த்துச் சிரித்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லி அழுதாயாம். சிரித்தால் சிரித்துவிட்டுப் போ. உடம்பு தான் பிழைக்க ஒரு வழி பார்க்கும், அதற்கு இடம் பொருள் தெரியாது.

அப்புறம் நான் செய்த கோளாறுகள். உன் பாட்டி வளர்த்த செவலைப் பசுவை விற்றேனே, தீவனம் கட்டுப்படியாகவில்லை என்றது பொய். தொழுவத்துப் புல் வாசனை எனக்கு ஆகவில்லை. அதைச் சொல்வதற்குள் பாட்டியும் போய்விட்டாள். குடியைப் பற்றி உனக்கே தெரியும், தூங்குவதற்காகத் தொடங்கியது. போளூர் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். ஒருநாள் அப்படி ஒரு சிக்னலைக் கோட்டைவிட்டேன். டிரைவர் வயதானவர், திட்டவில்லை. "மூடாதே. கிலோமீட்டர் கல்லில் என்ன நம்பர்னு சத்தமாச் சொல்லிக்கிட்டே வா" என்றார். பத்துப் பதினைந்து டிரிப் போனதும் அது மறுபடி வெறும் வயல்வெளியாகத் தெரிய ஆரம்பித்தது. உனக்குத்தான் வழியெல்லாம் கரண்ட் கம்பங்களில் மாஸ்ட் நம்பர் இருக்கிறதே.

அம்மாவிடம் சொன்னது 11 வருஷம் கழித்து, கரண்ட் போன ஒரு ராத்திரி, மொட்டை மாடியில். ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை, விட்டுத் தள்ளுங்க என்றும் சொல்லவில்லை. "அது வரப்புப் புல்லா, ஏரிக்கரைப் புல்லா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தொடங்கியவன் விடியும்வரை பேசினேன். அந்த அம்மா கையில் என்ன வைத்திருந்தார் என்று நானும் உன்னைக் கேட்பேன். இப்போதே வேண்டாம், உனக்குச் சொல்லத் தோன்றும்போது சொல்.

அழுதால் 'பொம்பளப் புள்ளைக்கு இந்த வேலை எதுக்கு' என்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாய், எனக்குத் தெரியும். அப்படிப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் டூட்டி முடிந்து எதை ஊற்றிக்கொண்டு தூங்குகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒன்பது நாள்தான் ஆகிறது. கண்ணை மூடினால் அதே காட்சி, டம்ளர் விழுந்தால் தூக்கிவாரிப் போடுவது, காரணமில்லாத எரிச்சல், எல்லாம் முதல் சில வாரம் வரும். பெரும்பாலும் தானாகக் குறையும். ஒரு மாதம் ஆகியும் குறையவில்லை என்றாலோ, அதற்கு முன்பே தாங்க முடியவில்லை என்றாலோ மனநல டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான், நானும் கூட வருகிறேன். நடுராத்திரியில் எங்களை எழுப்பத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போடு. டெலிமானஸ், அரசாங்க நம்பர், காசு கிடையாது, தமிழில் பேசலாம். 2022-ல் வந்ததாம். ரூம் தோழி கொடுத்த தூக்க மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடு. இந்த மாதிரி அதிர்ச்சிக்கு முதல் மாதத்தில் அந்த வகை மாத்திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2013-ல் சொல்லியிருக்கிறது என்றார் நம் தெரு டாக்டர். தூங்காத ராத்திரிக்கு மறுநாள் மட்டும் என்ஜினில் ஏறாதே. லீவு சொல். உன் பின்னால் ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து வருகிறார்கள்.

பேர் ஊர் தெரியாத அந்த அம்மாவுக்காக உன் அம்மா தினமும் வாசல் மாடத்தில் ஒரு விளக்கு வைக்கிறாள். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை ரெஸ்ட் என்றாயே, ஈரோட்டில் கோவை எக்ஸ்பிரஸைப் பிடித்து வந்துவிடு. நான் பிளாட்பாரத்தில் இருப்பேன். நீ வருகிறாய் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குக் கறி எடுக்கலாம் என்றாள் அம்மா. இந்த வாரம் வேண்டாம், முருங்கைக்காய் சாம்பார் போதும் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா