பால் கட்டினால் பிசைந்து எடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் குழந்தை வளர்ப்புப் பக்கத்தை விடாமல் படிப்பவள் நான். தாய்ப்பாலின் நன்மைகள் பற்றி எவ்வளவோ வந்துவிட்டது, சரி, ஆனால் பால் கொடுக்கிறவளுக்கு மார்பு வீங்கிச் சிவந்து, காய்ச்சலில் நடுங்கிக் கிடந்தால் என்ன செய்வது என்று அங்கே ஒரு வரி கூடப் படித்த நினைவில்லை.

எனக்கு அது வந்தது பிரசவமான மூன்றாவது வாரத்தில். நடுராத்திரியில் குளிர் தூக்கிப் போட்டது, ஏதோ வைரஸ் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் வலது மார்பில் ஒரு பக்கம் மட்டும் சிவந்து, தொட்டால் அனலாகக் கொதிக்கிறது. பால் கட்டிக்கொண்டது, நன்றாகப் பிசைந்து எடுத்துவிடு என்றார்கள் வீட்டில். அப்படியே செய்தேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, குழந்தை குடித்து முடித்த ஒவ்வொரு முறையும் மிச்சத்தைப் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்து, மறுநாள் காலையில் கையைத் தூக்கவே முடியவில்லை.

மருத்துவர் முதலில் சொன்னது, "பிசைவதை நிறுத்துங்கள்." பால் குழாய்க்குள் ஏதோ கட்டி உட்கார்ந்து அடைத்துக்கொண்டிருப்பதாக நாம் நினைக்கிறோம், உண்மையில் சுற்றியுள்ள திசு வீங்கிப்போய்க் குழாயை நெருக்குகிறதாம். வீங்கின இடத்தைப் பிசைந்தால் இன்னும் வீங்காமல் என்ன செய்யும்? அப்புறம் அந்தப் பம்ப்! எடுக்க எடுக்க உடம்பு இன்னும் கூடுதலாகச் சுரந்து தள்ளும். முன்பெல்லாம் மருத்துவர்களே முழுக்கக் காலி செய்யச் சொன்னார்கள்தான். அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்ற மருத்துவர் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி அதை மாற்றிவிட்டது. குழந்தை கேட்கும்போது வழக்கம்போல் கொடுங்கள், துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் வையுங்கள், வலிக்கும் வீக்கத்துக்கும் ஐபுப்ரோஃபென் போடலாம் என்கிறது. பால் கொடுக்கிறவர்களும் அதைப் போடலாம், ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறு ஒன்றும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணிடம், பாலில் கிருமி இருக்கிறது, கொடுப்பதையே நிறுத்திவிடு என்று சொல்லிவிட்டார்கள், அதுவும் மருத்துவம் தெரிந்தவர்களே. ஆரோக்கியமான குழந்தைக்கு அந்தப் பாலால் கெடுதல் இல்லை, திடீரென்று நிறுத்தினால்தான் தாய்க்குச் சீழ் கட்டும் ஆபத்து கூடும். வீக்கம் உள்ள பக்கத்துப் பால் கொஞ்சம் உப்புக் கரிக்கும், அதனால் சில குழந்தைகள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போது மட்டும் குழந்தை குடிக்கும் அளவுக்குக் கையாலேயே எடுத்துக் கொடுத்தால் போதும்.

எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது. ஆனால் ஒரு நாள் பார்த்தும் காய்ச்சலும் சிவப்பும் குறையவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள், நாளுக்குள்ளேயே நிலைமை மோசமானால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். மாத்திரை கொடுத்தால் பொதுவாகப் 10 முதல் 14 நாள், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவது நம்மில் பலருக்கும் உள்ள பழக்கம் (நானும் நிறுத்தப் பார்த்தேன், திட்டு வாங்கினேன்). மாத்திரை தொடங்கி 48 மணி நேரமாகியும் மாற்றம் இல்லையா, மறுபடி போங்கள். பாலைப் பரிசோதித்து எந்தக் கிருமி என்று பார்ப்பார்கள், சீழ் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுப்பார்கள். சீழ் இருந்தாலும் பெரும்பாலும் ஊசி வைத்தே உறிஞ்சி எடுத்துவிடலாம், அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. மருந்து முடிந்தும் சிவப்பு போகாமல் இருந்தாலோ, அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தாலோ கட்டாயம் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அபூர்வமாக ஒரு வகைப் புற்றுநோயும் இப்படியே தோற்றம் காட்டும்.

அந்தப் பக்கத்தில் ஒரு வாரம் இதற்கு இடம் ஒதுக்கி, ஒரு மகப்பேறு மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். மார்பு என்று அச்சிடக் கூச்சப்பட்டு "அந்தரங்கப் பிரச்சினை" என்று மட்டும் தலைப்புப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி