ஹொனலூலுவில் அரண்மனையையும் பார்த்துவிட்டு வா

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஹவாய்க்கு டிக்கெட் போட்டாச்சு என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். கடற்கரை, பேர்ல் ஹார்பர் எல்லாம் பாருங்கள், ஆனால் ஊருக்குள்ளேயே இயோலானி அரண்மனை இருக்கிறது, அதை விட்டுவிடாதே. 1959ல் ஹவாய் மாநிலமானது என்று பேரன் படித்திருப்பான். அது அமெரிக்கா கைக்குப் போனது அதற்கும் 61 வருஷம் முன்னால்.

எல்லாம் சர்க்கரையால் வந்தது. அங்கே கரும்புத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர்கள் வரியில்லாமல் அமெரிக்காவுக்குச் சர்க்கரை அனுப்பிக் கொழுத்தவர்கள். 1890ல் அமெரிக்கா எல்லா நாட்டுச் சர்க்கரைக்கும் வரியை எடுத்துவிட்டு, உள்நாட்டு விவசாயிக்கு மட்டும் பவுண்டுக்கு 2 சென்ட் மானியம் என்றது. ஹவாயே அமெரிக்காவாகிவிட்டால் அது நமக்கும் வருமே என்று கணக்குப் போட்டார்கள். ஏற்கெனவே 1887ல் மிரட்டி அரசரின் அதிகாரத்தைப் பிடுங்கியிருந்தார்கள், ராணி லிலியுஓகலானி அதைத் திரும்ப எடுக்கப் பார்த்ததும், 1893 ஜனவரியில் பாஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து சிப்பாய்கள் கரையிறங்க, மறுநாளே அவர் ஆட்சி போயிற்று. ஜனாதிபதி கிளீவ்லாந்து ஆள் அனுப்பி விசாரித்து, நடந்தது தப்பு என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசிடமே சொன்னார். சொன்னதோடு சரி. 1895ல் ராணியின் ஆட்கள் கலகம் செய்து தோற்றதும், அவரை அவருடைய சிம்மாசன மண்டபத்திலேயே நிறுத்தி விசாரித்து, மாடியில் ஓர் அறையில் மாதக்கணக்கில் அடைத்தார்கள். அங்கே அவர் தோழிகளோடு சேர்ந்து தைத்த ஒட்டுத்துணிப் போர்வையை இப்போதும் அரண்மனையில் வைத்திருக்கிறார்கள்.

தாலுகா ஆபீசில் மனு வாங்கியே தலை நரைத்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு இதில் பெரிதாகப் படுவது 1897ல் அந்த ஜனங்கள் போட்ட மனுதான். ஹவாயை அமெரிக்காவோடு சேர்க்கும் ஒப்பந்தம் காங்கிரசின் மேல்சபையான செனட்டுக்குப் போகிறது என்று தெரிந்ததும் ஆண்கள் ஒரு சங்கம், பெண்கள் ஒரு சங்கம் என்று தீவு தீவாகப் போய் 21,000க்கும் மேல் கையெழுத்து வாங்கினார்கள். பூர்வகுடிகளே அப்போது சுமார் 40,000 பேர்தான், பார்த்துக்கொள். பெயர், பக்கத்தில் வயது, பக்கம் பக்கமாக. நாலு பேர் அதை வாஷிங்டனுக்கே எடுத்துப் போனார்கள், செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேறவில்லை, ஒப்பந்தம் விழுந்தது. ஜெயித்த மனு!

ஆனால் 1898ல் ஸ்பெயினோடு சண்டை வந்தது. ஸ்பெயின் கையில் இருந்த பிலிப்பைன்ஸின் மணிலாவுக்குப் போகும் கப்பல்களுக்கு வழியில் நிலக்கரி ஏற்ற இடம் வேண்டும் என்றானதும், ஒப்பந்தமே வேண்டாம், இரண்டு சபையிலும் சாதாரணப் பெரும்பான்மைத் தீர்மானம் போதும் என்று ஜூலையில் காரியத்தை முடித்துவிட்டார்கள். ஒரு செக்‌ஷனில் திரும்பிய ஃபைலை இன்னொரு செக்‌ஷன் வழியாகக் கையெழுத்து வாங்கும் சாமர்த்தியம் எங்கள் ஆபீசில் மட்டும் இருந்ததில்லை போல. அதே வருஷக் கடைசியில் போர்ட்டோ ரிக்கோ, குவாம், 2 கோடி டாலர் கொடுத்து பிலிப்பைன்ஸ். அந்தக் கதை இதைவிட ரத்தம், அப்புறம் எழுதுகிறேன்.

1993ல் காங்கிரஸ் மன்னிப்புத் தீர்மானம் போட்டது, கிளின்டன் கையெழுத்திட்டார். நிலம் எதுவும் அதனால் திரும்பி வரவில்லை.

மாடி அறையைப் பேரனுக்குக் காட்டு. போட்டோ எடுக்க விட்டால் எனக்கும் அனுப்பு. அம்மா பருப்புப்பொடி பார்சல் போட்டிருக்கிறாள், வந்ததும் போன் பண்ணு.

அப்பா