ஆண்டறிக்கை: சாலைக்கும் டிராக்குக்கும் ஒரே கார்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுக் கூட்டங்களில் எஞ்சினைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பேச்செல்லாம் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரங்களைக் காரோடு இணைத்துத் தாங்கும் அமைப்பைச் சுற்றியே இருந்தது. வாரம் முழுக்க வேலைக்கு ஓட்டிப் போகும் ஸ்போர்ட்ஸ் காரையே விடுமுறை நாளில் டிராக்கிலும் விரட்ட வேண்டும் என்பது பலருடைய ஆசை. செயற்குழுவும் தன் நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டது.

ஆய்வு நாட்களில் கார்களை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது, பெரும்பாலான தொல்லைகளுக்கும் மூலம் ஒன்றுதான்: காரை அளவுக்கு மீறித் தாழ்த்தியிருப்பது. டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி தெரிந்தால் நம்மவர்களுக்குப் பொறுக்காது. அப்படித் தாழ்த்திய ஒரு காரின் ஷாக் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் உருளை) தண்டில், ஷாக்கின் உடலை ஒட்டி ஒரு கேபிள் டையை இறுக்கிக் கட்டி, சாதாரண ரோட்டில் ஓட்டிவிட்டு வரச் சொன்னோம். திரும்பி வந்தபோது டை தண்டில் மேலே ஏறி பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் கடைசி வரை அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டையில்) அழுந்திக் கிடந்தது. அதாவது, புதிதாகப் போட்ட ஸ்பிரிங்கைத் தாண்டி கார் அந்த ரப்பர் கட்டையில் இடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. வளைவின் நடுவே இப்படி இடித்தால் அந்தச் சக்கரத்தின் விறைப்பு சட்டென்று ஏறி டயர் பிடியை விடும். "டிராக்கில் திடீரென்று வழுக்குகிறது" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததற்கு விடை கிடைத்தது.

மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தின் மேல்பக்கத்தைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு) உள்ள கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரொம்பத் தாழ்த்தினால் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கத்தில் காரோடு இணைக்கும் கையின்) வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விடும். அப்புறம் கார் சாயச் சாய வெளிச் சக்கரத்தின் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருப்பது) குறையும். காரின் எடைமையம் இறங்குவதைவிட ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) வேகமாக இறங்கிவிடுவதால், காரைச் சாய்க்கும் நெம்புகோலும் நீளும். சாய்வைக் குறைக்கத் தாழ்த்தியவருக்குக் கிடைப்பது நேர்மாறான பலன்.

எனவே குழு பரிந்துரைக்கும் வரிசை இது: முதலில் நல்ல டயர், முறையான அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது). பிறகு தேய்ந்த புஷ்களை (சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் உறைகளை) மாற்றுவது. அதற்கும் பிறகே ஸ்பிரிங்கும் ஷாக்கும், அதுவும் ஒன்றுக்கொன்று பொருந்தும் ஜோடியாக. விறைப்பான ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கோடு போட்டால் ஒவ்வொரு மேட்டுக்குப் பிறகும் கார் துள்ளிக்கொண்டே இருக்கும். கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பாரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை: பின்பக்கம் தடித்தால் அண்டர்ஸ்டியர் (ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாமல் வெளிப்பக்கம் போவது) குறையும், முன்பக்கம் தடித்தால் கூடும்.

புஷ் விஷயத்தில் ஒரு மனக்குறை. உறுப்பினர் ஒருவரின் புது ரப்பர் புஷ்கள் சீக்கிரமே கிழிந்துவிட்டன. வேலை செய்த ஒர்க்‌ஷாப், சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கியிருந்தது. கார் தரையில் நிற்கும் உயரத்தில் இறுக்காவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்து வாங்குங்கள். ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்ற சண்டை இந்த ஆண்டும் முடியவில்லை. கிரீஸ் இல்லாவிட்டால் கிறீச்சிடும் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் உடன்பாடு.

கேம்பரை எவ்வளவு வைப்பது என்று கேட்பவர்கள், டிராக்கிலிருந்து வந்தவுடன் டயரின் உள், நடு, வெளி மூன்று இடங்களிலும் சூடு பாருங்கள். வெளி விளிம்பு அதிகம் சுட்டால் நெகட்டிவ் கேம்பர் போதவில்லை. அன்றாட ஓட்டத்தில் டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் கேம்பர் மேல் பழி போடும் முன் டோவைச் (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை) சோதியுங்கள். டயரை அதிகம் தின்பது அதுதான்.

வரவுசெலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தாவில் மாற்றமில்லை. உறுப்பினர்களின் நன்கொடையில் நான்கு சக்கரங்களுக்குமான எடைத்தட்டுகள் வாங்கியாயிற்று. வரும் ஆண்டில் முதல் வேலை அவற்றை வைத்து ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் விழும் எடையைச் சரிசெய்யும் நாள். வருபவர்கள் டயர் பிரஷரைச் சரிபார்த்து, டிராக்கில் ஓட்டும் அளவு பெட்ரோலோடு வாருங்கள். ஆன்டி-ரோல் பாரின் லிங்க்கை அங்கேயே கழற்றிக்கொள்ளலாம். ஓட்டுபவர்தான் சீட்டில் உட்கார வேண்டும். உங்களில் பாதி எடையுள்ள தம்பியை உட்காரவைத்து எடுத்த கணக்கு உதவாது. பெயர்களை இன்றே என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்